புல்லை முடிச்சிட்டுப் போனவர்கள்

பத்துப்பாட்டில் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் எது என்று யாராவது கேட்டால், பொற்றாமரையையும் யானைப் பரிசிலையும் ஒதுக்கி வைத்துவிட்டு, மலைபடுகடாத்தில் பாதி வழியில் வரும் ஒரு சின்ன யோசனையைத்தான் சொல்வேன். நன்னன் என்னும் வள்ளலைப் பார்க்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, அவனிடம் போய்த் திரும்பும் கூத்தன் ஒருவன் வழி சொல்லிக்கொண்டிருக்கிறான். பாதைகள் பிரியும் சந்தி வருகிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதோடு அவன் நிறுத்தவில்லை. அந்தச் சந்தியைக் கையால் துடைத்துவிட்டு, புல்லைப் பிடித்து முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். பின்னால் வருகிறவர்கள் வழி தெரிந்துகொள்ளத்தான் அந்த முடிச்சு என்று உரை சொல்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் ஒரு காசு கையில் வாங்காதவர்கள். பசியோடும் பிள்ளைகுட்டிகளோடும் மலை ஏறிக்கொண்டிருப்பவர்கள். நன்னன் கொடுப்பானா, எவ்வளவு கொடுப்பான் என்பது அவர்களுக்கு இன்னும் சொல்கேள்விதான். அந்த நிலையிலும் அவர்களுக்குப் பின்னே வரப்போகும், முகம் தெரியாத இன்னொரு கூட்டத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் குனிந்து புல் முடியச் சொல்கிறான் அந்தக் கூத்தன். 583 அடி கொண்ட பாட்டில் இது ஒரே ஓர் அடிதான். படிக்கிற வேகத்தில் தவறிப்போகவும் கூடும். ஆனால் ஆற்றுப்படை என்னும் பாட்டுவகை முழுவதும் இந்த முடிச்சுக்குள் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கலைஞனுக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்தால் அந்த விலாசத்தை அவன் பொத்தி வைத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். கொடுக்கிறவர் கை ஒன்று. கேட்கிறவர் கை பல. இன்னொருவனுக்குச் சொன்னால் நம் பங்கு குறையும் என்ற கணக்கு யாருக்கும் எளிதில் வரும். ஆற்றுப்படையில் வரும் பாணனும் பொருநனும் கூத்தனும் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. எதிரே வாடி வருகிற இன்னொருவனைப் பார்த்ததும் நிறுத்தி உட்கார வைத்து, நான் போன இடத்துக்கு நீயும் போ, இப்படிப் போ, இங்கே தங்கு, இதைச் சாப்பிடு, இன்னது சொல் என்று நூற்றுக்கணக்கான அடிகளில் விரித்துச் சொல்கிறார்கள். பெற்றவர் பெறாதவருக்கு வழிகாட்டுவது என்பதை ஓர் இலக்கியத் துறையாகவே தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்து வைத்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு இந்த வகை. முருகனிடம் ஆற்றுப்படுத்தும் பாட்டைத் தனியே வைத்தால், மீதி நான்கும் மனிதனிடம் மனிதனை அனுப்புகிறவை: முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை, நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 1889இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் ஏற்றினாரே, அந்தப் புண்ணியத்தில் இந்த நான்கும் நம் கைக்கு வந்தன.

இந்தப் பாட்டுகளை வள்ளல்களின் புகழ் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அது பாதி உண்மை. மூன்று பாட்டில் வள்ளலின் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டின் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. வழியெல்லாம் இந்தக் கலைஞர்களைத் தாங்கியவர்கள் வேறு யாரோ. அவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பும் உலக்கையும் இலையும் பாட்டில் இருக்கின்றன.

முதலில் இந்தக் கலைஞனின் சொந்த அடுப்பைப் பார்த்துவிடலாம். சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் நல்லியக்கோடனிடம் போகும் முன் இருந்த வறுமையைப் பாணன் சொல்கிறான். அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அங்கே நாய் குட்டி போட இடம் கிடைத்ததென்றால் அடுப்பு எரிந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்! குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை, காது தொங்குகிறது. தாயின் மடியில் பால் இல்லை. இல்லாத பாலுக்காக அவை இழுப்பதைப் பொறுக்க முடியாமல் தாய் நாய் குரைக்கிறது. கழிகள் நழுவி விழுந்த பழஞ்சுவர், அதைக் கறையான் அரித்த மண், அந்த மண்ணில் முளைத்த காளான். பசி மெலியவைத்த இடையோடு, கிணைப்பறை கொட்டுகிறவனின் மனைவி குப்பைமேட்டுக்குப் போய், வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிக்கொண்டு வருகிறாள். வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை.

இங்கேதான் அந்தப் புலவரின் கை எவ்வளவு நுட்பமானது என்று தெரிகிறது. அவள் அந்தக் கீரையைப் பரிமாறுவதற்கு முன்னால் கதவைச் சாத்துகிறாள். பார்க்கிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்ற நாணம். பார்த்துப் புறம் பேசக்கூடிய அந்த ஆட்களைப் புலவர் அறிவில்லாதவர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார். குற்றம் கீரை தின்கிறவள்மேல் இல்லை, அதைக் கண்டு சிரிக்கிறவர்மேல் என்று சொல்லாமல் சொல்லியாயிற்று. இன்னொன்றும் உண்டு. அந்த உப்பில்லாக் கீரையை அவள் தனியாகத் தின்னவில்லை. பெரிய சுற்றம் முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு சேர்ந்தே உண்கிறாள். வறுமையைப் பாடுகிறவர்கள் பலர் பசியோடு நின்றுவிடுவார்கள். நத்தத்தனார் கதவடைத்த வீட்டுக்குள் போய், அங்கேயும் பகிர்ந்து உண்ணும் பழக்கம் அறுந்துபோகவில்லை என்று காட்டிவிட்டு வெளியே வருகிறார்.

இந்தப் பாணர்களையும் பொருநர்களையும் ஏதோ வழிப்போக்கர் என்று எண்ணிவிட வேண்டாம். பொருநரில் ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் என்று பிரிவு உண்டு என்கிறது உரை. அறுப்புக் களத்தில் நெல் குவியும்போது பாட ஓர் ஆள், போர் முடிந்த களத்தில் பாட ஓர் ஆள். ஊடல் வந்த வீட்டில் தூது போகப் பாணன். ஊரில் எது நடந்தாலும் அதற்கு உரிய பாட்டோடு ஓர் ஆள் வந்து நின்றார். அவர்களை ஊர் தாங்கியது, தாங்கியதில் வியப்பில்லை. எப்படித் தாங்கியது என்பதில்தான் சுவை இருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவரான எயினர் குடியிருப்பு வருகிறது. ஈந்தின் ஓலை வேய்ந்த குடிசை. உள்ளே மான்தோல் விரிப்பில் பிள்ளை பெற்ற ஒருத்தி குழந்தையோடு முடங்கிப் படுத்திருக்கிறாள். அவளை மட்டும் விட்டுவிட்டு மற்ற பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலை எடுத்துக்கொண்டு போய்க் கரம்பு நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியைத் தோண்டி எடுத்து வருகிறார்கள். முற்றத்தில் ஒரு விளாமரம். வேட்டைக்குப் பழக்கிய பார்வை மானைக் கட்டிக் கட்டி அதன் அடிமரம் தேய்ந்து கிடக்கிறது. அந்த மர நிழலில், தரையிலேயே குழித்த உரலில் அரிசியைக் குத்துகிறார்கள். ஆழத்தில் ஊறும் உவர்நீரை மொண்டு வந்து, வாய் உடைந்த பழம்பானையில், உடைந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கிறார்கள். பானை உடைசல், அடுப்பு உடைசல், தண்ணீர் உவர்ப்பு, அரிசி எறும்பினுடையது. இவ்வளவு இல்லாமைக்கு நடுவே, வருகிற பாணனுக்கும் அவன் கூட்டத்துக்கும் அந்தச் சோறு வாட்டிய இறைச்சியோடு தேக்கிலையில் குவித்து வைக்கப்படுகிறது. தெய்வத்துக்குப் படையல் போடுவது போல என்கிறார் உருத்திரங்கண்ணனார். கேட்டு வாங்கியதாக ஒரு சொல் இல்லை. கொடுத்ததைப் பெரிதாகப் பேசிக்கொண்டதாகவும் இல்லை. வள்ளல் இளந்திரையனின் காஞ்சியை அந்தப் பாட்டு எவ்வளவோ அழகாகப் பாடுகிறது. எனக்கு அந்த நகரத்தைவிட இந்தத் தேக்கிலை பெரிதாகத் தெரிகிறது.

அதன் பிறகு வழி முழுக்கச் சாப்பாடுதான். கோவலர் குடியில் பாலும் தினைச்சோறும். முல்லை நிலத்தில் வரகுச்சோறும் அவரைப் பருப்பும். உழவர் ஊரில் வெண்ணெல் சோறும் வீட்டுக்கோழி வறுவலும். கருப்பஞ்சாறு காய்ச்சும் ஆலையில் வேண்டுமட்டும் சாறு. வலைஞர் குடியில் கள்ளும் சுட்ட மீனும். அந்தணர் வீட்டில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில் வதக்கியதும் மாவடு ஊறுகாயும். நிலம் மாற மாற இலையில் விழுவதும் மாறுகிறது. பாணனுக்கென்று யாரும் தனியாகச் சமைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன வெந்ததோ அதில் ஒரு பங்கு. அதனால்தான் அது தொடர்ந்து நடக்கக்கூடியதாக இருந்திருக்கிறது. விருந்து என்றால் ஆண்டுக்கு ஒருமுறை வைக்கலாம்; பங்கு என்றால் தினமும் கொடுக்கலாம்.

சிறுபாணாற்றுப்படையில் ஆமூர் என்ற ஊர். அங்கே உழவர் வீட்டுப் பெண், வழியில் போகும் பாணர்களைத் தன் பிள்ளைகளை முன்னிட்டுத் தடுத்து நிறுத்துகிறாள். அவள் வீட்டு உலக்கையின் பூண் தேய்ந்திருக்கிறது. இந்தத் தேய்மானத்தை ஒரு புலவர் குனிந்து பார்த்திருக்கிறாரே! இரும்புப் பூண் தேய வேண்டுமென்றால் எத்தனை மரக்கால் நெல் அதன்கீழ் இடிபட்டிருக்க வேண்டும், அதில் எத்தனை பேருக்குச் சோறு போயிருக்க வேண்டும். அப்படிக் குத்தித் தீட்டிய அரிசியின் வெள்ளைச் சோற்றுக் கட்டியும் நண்டுக் கறியும் பாணனுக்குக் கிடைக்கின்றன. வீட்டுக்காரியின் தாராளத்தைப் பற்றி ஓர் அடைமொழியும் புலவர் போடவில்லை. பூண் தேய்ந்தது என்றார். அதுவே போதும் என்று விட்டுவிட்டார்.

மலைபடுகடாத்துக்குத் திரும்பி வருகிறேன். சொல்லித் தீராத பாட்டு அது. தொடக்கத்திலேயே அந்தக் கூட்டம் தன் இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. ஒவ்வொன்றும் பையில் இறுகக் கட்டப்பட்டுக் காவடித் தண்டில் தொங்குகிறது. கார்காலத்துப் பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல் இருக்கிறதாம். பெரிதும் சிறிதுமாக, கனமாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. ஒரு கலைக்குழு ஊர்விட்டு ஊர் போவதை இதைவிடக் கண்ணெதிரே நிறுத்த முடியுமா?

அடுத்து வழியில் உள்ள ஆபத்துகள். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும்; விடிந்த பிறகு போங்கள். குழிகளில் பாம்பு சுருண்டிருக்கும். உங்கள் கூட்டத்துப் பெண்களான விறலியர் கும்பிட்டுக்கொள்ளட்டும், நீங்கள் சற்று விலகிப் போங்கள். தினைப்புனம் காக்கிறவர்கள் கவணில் எறியும் கல் எமனைப் போல விசையாக வரும். மரங்களை மறைவாக வைத்துக்கொண்டு கடந்து போங்கள். நுண்ணிய பாசி படிந்த பாறை கால் வாரும். மெல்லிய மூங்கிலையும் நாணலையும் பற்றிக்கொண்டு போங்கள். எதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது வரை சொல்கிறான். இதைச் சொல்கிறவன் அந்தப் பாறையில் ஒருமுறை வழுக்கியிருப்பான் என்பது தெரிந்துவிடுகிறது. பட்டவன் சொல்லும் வழிக்கே உரிய நிதானம் அதில் இருக்கிறது. வழியில் நடுகற்கள் வரும். கைக்கருவியை வாசித்து வணங்கிவிட்டுப் போகச் சொல்கிறான். அந்த வட்டாரத்து வீரன் செத்த இடம். நீங்கள் அந்நியர், அந்த ஊரின் துக்கத்துக்கும் மரியாதை செய்துவிட்டுப் போங்கள் என்பது இதற்குள் இருக்கும் நாகரிகம்.

மலையில் பிறந்து வளர்ந்த குறவரே திசை மயங்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே வழி தவறிவிட்டால் என்ன செய்வது? அகன்ற பாறையில் எல்லாரும் கூடி உட்கார்ந்து உங்கள் கருவிகளை வாசியுங்கள் என்கிறான். காட்டில் இருப்பவர்கள் அந்த ஓசையைக் கேட்டு வருவார்கள். வந்து உண்ணக் கொடுத்து வழியும் காட்டுவார்கள். கூக்குரல் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். தீ மூட்டுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். உங்களுக்குத் தெரிந்ததைச் செய்யுங்கள் என்கிறான். கலை கேட்டால் ஆள் வரும் என்ற நம்பிக்கை அந்த மலை முழுவதும் பரவிக் கிடந்தால்தான் இப்படி ஒரு யோசனை பாட்டில் ஏற முடியும்.

மலையடிச் சிற்றூரில் என்ன சொல்லி அறிமுகம் செய்துகொள்வது? நன்னனிடம் போகும் கூத்தர் என்று மட்டும் சொன்னால் போதும். பிறகு வாசலில் நிற்காதே, உன் வீட்டுக்குள் நுழைவது போல நுழை, உரிமைக்காரன் போலக் கேளாமலே கலந்துகொள் என்கிறான். அவர்களும் உறவினர் போல இன்சொல் சொல்லி, நெய்யும் இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள். பரிசில் கேட்டு வருகிறவனுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சத்தைத் துடைப்பதுதான் முதல் உதவி என்று அந்தக் கூத்தனுக்குத் தெரிந்திருக்கிறது. நன்னனும் அதை அறிந்தவன். வந்தவர்களைப் பார்த்து, நீங்கள் வந்ததே போதும், வழியில் பட்ட பாடு பெரிது என்ற பொருளில்தான் பேச்சைத் தொடங்குகிறான்.

கொடுக்கும் முறையின் அழகு முழுவதும் பொருநராற்றுப்படையில் இருக்கிறது. 248 அடிதான், நான்கிலும் சிறியது. ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள், அங்கே மிஞ்சும் சோற்றுக்கு ஆசைப்படாமல் வேறு ஊருக்குக் கிளம்பும் பொருநனை அழைத்துத்தான் பாட்டே தொடங்குகிறது. அவன் ஏழை, ஆனால் மிச்சத்துக்குக் காத்திருப்பவன் இல்லை. முதல் சில அடிகளுக்குள்ளேயே அவன் தன்மானத்தை நிறுவிவிட்டார் முடத்தாமக்கண்ணியார்.

வழி சொல்லும் பொருநன், தான் அரசன் கரிகாலனிடம் போன கதையைச் சொல்கிறான். விடிவெள்ளி முளைத்த வேளை. அவன் தடாரிப் பறையில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய தடம், பாம்புப் படத்தின் புள்ளிகளைப் போலப் படிந்திருக்கிறது. தடுப்பில்லாத வாசல் வழியாக, சொல்லியனுப்பாமல் உள்ளே போய்ப் பாடத் தொடங்குகிறான். அரசன் அவனைக் கண்ணில் படும்படி பக்கத்திலேயே உட்கார வைக்கிறான். சுற்றத்தாரைப் பார்ப்பது போலப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் எலும்பு வரை குளிர்ந்தது என்கிறான் பொருநன். பொன் வரவில்லை, சோறு வரவில்லை. அதற்குள் எலும்பு குளிர்ந்துவிட்டது.

அடுத்து உடை. அவன் கட்டியிருந்த கந்தலில் ஈரும் பேனும் குடியிருக்கின்றன. வியர்வையில் நனைந்து கிடக்கிறது. கிழிந்த இடத்திலெல்லாம் வேறு வேறு நூல் ஓடியிருக்கிறது. அந்த வேற்று நூலைப் பார்த்த கண்ணுக்குத்தான் எத்தனை கருணை! ஒரே நிற நூல்கூட வாங்க வழியில்லாமல், கிடைத்த நூலால் கிடைத்தபோது தைத்த துணி. அதை முழுக்கக் களையச் செய்து, இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்புச் சட்டை போன்ற பூவேலைத் துணியை அரசன் கொடுக்கிறான். சாப்பாட்டுக்கு முன்னால் உடை. அந்த வரிசையையும் கவனிக்க வேண்டும். கந்தலோடு உட்கார்ந்து அரண்மனைச் சோறு தின்றால் தொண்டையில் இறங்குமா?

பிறகு இறைச்சி வருகிறது. அருகம்புல் மேய்ந்த ஆட்டின் தொடைக்கறி, கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டுகள். சூடு பொறுக்காமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி மாற்றித் தின்கிறான். பசித்தவன் ஆறும்வரை காத்திருக்க மாட்டான், துப்பவும் மாட்டான். பசியையும் சூட்டையும் ஒரே அசைவில் வைத்துவிட்டார். இரவும் பகலும் தின்று தின்று, கொல்லை உழுத கொழு மழுங்குவது போலப் பல் மழுங்கிப்போயிற்றாம். ஒருநாள் தூங்கி எழுந்ததும் இதெல்லாம் கனவோ என்று நெஞ்சு மயங்குகிறது. பல நாள் பசித்தவனுக்குத்தான் நிறைவு கனவாகத் தெரியும்.

விடைபெறும் இடத்தை எத்தனை முறை படித்தாலும் போதவில்லை. உனக்கும் இப்படித்தான் செய்வான் என்று பொருநன் சொல்கிறான். உன் தலையில் பொற்றாமரை சூட்டி, பாடினிக்கு மாலை அணிவித்து, பால்நிறக் குதிரை நான்கு பூட்டிய தேரில் ஏற்றுவான். உன் பின்னால் ஏழடி நடந்து வந்து வழியனுப்புவான். அதற்கு முன் ஒரு காரியம் செய்வான்: குதிரையைக் குத்தி ஓட்டும் தாற்றுக்கோலின் முள்ளைக் களைந்துவிடுவான். தேர் ஏறிப் பழக்கமில்லாத பாட்டுக்காரன். முள் பட்டுக் குதிரைகள் பாய்ந்தால் அவன் என்ன செய்வான்? தேரும் குதிரையும் கொடுப்பது அரசனுக்கு எளிது. அந்த முள் நினைவுக்கு வருவதற்கு வாங்குகிறவன் இடத்தில் ஒரு நொடி நின்று பார்த்திருக்க வேண்டும்.

வெண்ணிப் போர் முதலிய வெற்றிகளைச் சொல்லும் அடிகளை நான் வேகமாகவே கடந்துவிடுவேன். அந்தப் பொன்னில் பகைவர் ஊரிலிருந்து வந்ததும் இருக்கும் என்பதை மறக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் புலவர்கள். பாணனும் பொருநனும் அவர்கள் எடுத்துக்கொண்ட குரல்கள். பாணர்கள் தாங்களே பாடிய பாட்டு நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆனால் அழுக்கேறிய தடாரியையும் வேற்று நூல் ஓடிய கந்தலையும் உப்பில்லாக் கீரையையும் தொலைவில் நின்று எழுதிவிட முடியாது. அந்தப் புலவர்கள் பாணர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

புலவர்களுக்கும் தம் பங்குக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. அதியமான் தன்னை நேரில் பாராமல் பரிசிலை மட்டும் அனுப்பியபோது, பெருஞ்சித்திரனார் அதை ஏற்கவில்லை. தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவும் இனிது, காணாமல் கொடுத்த பொருளுக்கு நான் வணிகன் இல்லை என்ற பொருளில் பாடிய பாட்டு புறநானூற்றில் 208ஆவதாக இருக்கிறது. அதே பெருஞ்சித்திரனார் வள்ளல் குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்று வீடு திரும்பியபோது மனைவியிடம் சொன்னது 163ஆம் பாட்டு. உன்னை விரும்புகிறவர்களுக்கும், நீ விரும்புகிறவர்களுக்கும், உறவுக்காரப் பெண்களுக்கும் கொடு. நம் குடும்பம் பசித்திருந்தபோது கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கும் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னைக் கேட்கவும் வேண்டாம் என்கிறார். பசி நாளில் அந்த வீட்டைத் தாங்கியது அக்கம்பக்கத்துப் பெண்களின் கைமாற்று அரிசி. குமணனின் செல்வம் அங்கேதான் போய்ச் சேர்கிறது. கவிஞனுக்குக் கொடுத்தது தெருவுக்குப் போயிற்று. தெரு கொடுத்துத்தான் கவிஞன் அதுவரை உயிரோடு இருந்தான்.

இந்த நான்கு பாட்டில் மூன்று நடக்கும் நிலத்தை இன்றைய வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். நன்னனின் செங்கண்மா திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. நல்லியக்கோடனின் கிடங்கில் திண்டிவனத்தில் இருக்கிறது. இளந்திரையனின் கச்சி காஞ்சிபுரம். தெருக்கூத்து இன்றும் உயிரோடு இருக்கும் நிலமும் இதுதான். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை கூத்தால் பெயர்பெற்ற ஊர். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். அதற்கு ஊரில் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதி வசூலிக்கிறார்கள். கூத்து வாத்தியாரிடம் வெற்றிலைபாக்கு வைத்து அச்சாரம் கொடுக்கிறார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் பெட்டியில் அடைத்து, மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் ஏற்றிக்கொண்டு குழு வருகிறது. விடிய விடிய ஆடுகிறார்கள். கட்டியங்காரன் பாரதக் கதைக்கு நடுவே அந்த ஊரின் ஏரியையும் சாலையையும் பேசுகிறான். எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் அவனுக்குப் பதில் சொல்கிறார்கள்.

நல்லியக்கோடன் பரிசிலை அன்றைக்கே கொடுத்து அனுப்பினான் என்று பாராட்டுகிறது சிறுபாணாற்றுப்படை. இன்றைய கூத்துக்காரர்கள் பலருக்கு அந்த ஒரு மரியாதை கிடைத்தாலே போதும் என்று இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, பேசிய தொகையில் மீதிக்காகக் காலையில் யாராவது வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் நிலை கலைஞனுக்கு வரக் கூடாது. விருதும் வாரியமும் அரசு செய்ய வேண்டியவை; செய்யட்டும். ஊர் செய்ய வேண்டியதை ஊர்தான் செய்ய முடியும்.

உங்கள் ஊரில் அடுத்த முறை கூத்து வைத்தால், ஒப்பனைக்கு மறைவான இடமும் நல்ல விளக்கும் கொடுங்கள். குழுவில் பெண்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி அறை பாருங்கள். அன்று உங்கள் வீட்டில் வெந்ததை அவர்களுக்கும் போடுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை பாருங்கள். நன்றாக ஆடினால் பக்கத்து ஊரில் யார் கோயில் தர்மகர்த்தா என்று வாத்தியாரிடம் சொல்லி, அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பொழுது விடிந்ததும், அவர்கள் முகத்துச் சாயத்தைக் கழுவி முடிப்பதற்குள், பேசிய பணத்தை முழுதாக வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள்.